வீட்டுப் பாதுகாப்புக்குச் சிறிய கைத்துப்பாக்கி: வடசென்னையில் வசிப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

வீட்டில் வைத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில், கைக்கு எட்டும் விலையில் எது கிடைக்கும் என்பதுதான். இதில் விலையைப் பற்றிய பாதி நியாயமானது. அளவைப் பற்றிய பாதி அவ்வளவாகத் தேவையில்லாதது. பணப்பையோடு கடைக்கும் வீட்டுக்கும் நடப்பவருக்கு வெளியே தெரியாத ஆயுதம் வேண்டியிருக்கலாம். இரவில் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர் யாரிடமிருந்தும் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே வீட்டுக்கென்று வாங்குபவர், சிறுத்துப்போனதற்காகக் கூடுதல் விலை கொடுக்காமல், கையில் நன்றாகப் பிடிபடுவதற்காக விலை கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

அளவு குறையக் குறையச் சுடுவது கடினமாகிறது. குழல் குட்டையானால், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் சுருங்குகிறது. அந்தத் தூரம் சுருங்கினால், கை சிறிது அசைந்தாலும் தோட்டா குறியைவிட்டு அதிகம் விலகிப் போகும். எடை குறைந்தால் பின்னுதைப்பு முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. பிடி சிறியதானால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. முதல் குண்டுக்குப் பிறகு துப்பாக்கி கைக்குள் திரும்பிக்கொள்ளும். பயிற்சி பெற்றவர்கள் இவற்றைச் சமாளித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பயிற்சித் தளத்துக்குப் போகும் குடும்பஸ்தரால் அது முடியாது.

எதை வாங்குவது என்பதற்கு முன்பாக, எதை வாங்க முடியும் என்பதைச் சட்டமே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் ஆயுதங்களைத் தடை செய்யப்பட்டவை, அல்லாதவை என்று பிரிக்கின்றன. 9 மில்லிமீட்டர் போன்ற, படையினரும் காவலரும் பயன்படுத்தும் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையில் வருவதால், அவற்றுக்கான உரிமத்தை மத்திய உள்துறை அமைச்சகம்தான் தர முடியும்; சாதாரணக் குடிமகன் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எஞ்சுவது, நடைமுறையில், .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 ரிவால்வர் அல்லது பிஸ்டல் ஆகியவையே. இந்த எண்கள் குழலின் உள்விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் குறிப்பவை; சுழலும் உருளையில் தோட்டா வைப்பது ரிவால்வர், பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியில் வைப்பது பிஸ்டல். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டப்படும் கையடக்க 9 மில்லிமீட்டர் வகைகளை ஒப்பிட்டுப் பார்த்து நேரம் செலவிடுபவர்கள், இங்கே உரிமக் கட்டத்துக்கே வராத ஒன்றைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். அலுவலகம் வேப்பேரியில் இருக்கிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் ஆகிய பகுதியினர் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். வடக்கே தள்ளிச் செங்குன்றம் பக்கம் குடியிருப்பவர்கள் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருவதால், தங்கள் காவல் நிலையம் எந்த ஆணையரகத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், அடையாள மற்றும் முகவரிச் சான்றுகள், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றுடன், உங்கள் உயிருக்கோ உடைமைக்கோ உள்ள ஆபத்து என்ன என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை அனுப்பும்.

இந்த ஆபத்து என்ன என்ற பகுதியில்தான் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. “காலம் கெட்டுவிட்டது” என்று எழுதினால் அது காரணமாகாது. சௌகார்பேட்டையிலோ மின்ட் தெருவிலோ நகைத் தொழில் செய்துவிட்டு இரவு சரக்கை வீட்டில் வைக்க நேர்பவர், மீன் ஏலத் தொகையை விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து எடுத்து வருபவர், முன்பே மிரட்டலுக்கு உள்ளாகிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வைத்திருப்பவர் ஆகியோருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதையும் நம் பகுதியினர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மறுக்கப்பட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு வழி தருகிறது.

உரிமம் கிடைக்கத் தாமதமாகிறது, அல்லது புதிய ரிவால்வரின் விலை கட்டுப்படியாகாது என்பதற்காகக் கள்ளத் துப்பாக்கியின் பக்கம் மனம் போனால், இரண்டு விஷயங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. மேலும், தரச் சோதனைக்கு உட்படாத குழலும் தோட்டாவும் சுடுபவரின் கையிலேயே வெடிக்கக்கூடியவை. “மலிவு” என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் பொருளே இல்லை.

இனி வகைகளுக்கு வருவோம். கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் நெடுங்காலமாகச் செய்துவரும் .32 ரிவால்வர், பழைய பிரிட்டிஷ் வெப்ளி அமைப்பைப் பின்பற்றியது. மேலிருந்து மடங்கித் திறக்கும், ஆறு தோட்டா கொள்ளும். அதே வழியில் 2014ஆம் ஆண்டு வெளியான ‘நிர்பீக்’, டைட்டானியம் உலோகக் கலவையால் ஆனதால் ஏறக்குறைய 500 கிராம் எடை மட்டுமே கொண்டது. அறிமுக விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கான துப்பாக்கி என்ற பெயரில் அதை விளம்பரப்படுத்தியபோது, இந்த விலையில் எந்தப் பெண் வாங்குவாள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது, அது சரியான கேள்விதான். 2016ஆம் ஆண்டு வந்த ‘நிடர்’ .22 அளவிலானது, 250 கிராம், எட்டுத் தோட்டா, அறிமுக விலை 35,000 ரூபாய் அளவில். 2023 ஆகஸ்டில் கான்பூரின் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்யுப்மென்ட் இந்தியா நிறுவனம் வெளியிட்ட ‘பிரபல்’, பக்கவாட்டில் திறக்கும் உருளை கொண்ட .32 ரிவால்வர், குழல் 76 மில்லிமீட்டர், தோட்டா இல்லாமல் எடை 700 கிராம். பிஸ்டல் வகையில் ‘அஷானி’ .32 கிடைக்கிறது. இவை அறிமுகமானபோது சொல்லப்பட்ட விலைகளே என்பதால், இன்றைய விலையை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் ரிவால்வர், பிஸ்டல்கள் மீதான ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பரில் 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது என்பதைக் கணக்கில் சேர்க்காமல் பணம் ஒதுக்கினால் கடைசியில் கையைக் கடிக்கும்.

விலையை மட்டும் பார்த்தால் .22 கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். ஆனால் அதன் தோட்டா விளிம்புவெடி வகை. தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்பு முழுவதும் பூசப்பட்டிருப்பதால், நடுவில் தனிப் பற்றவைப்பு மூடி கொண்ட .32 தோட்டாவைக் காட்டிலும் வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். தாக்கும் திறனும் குறைவு. இருந்தும், மூட்டுவலியுள்ள முதியவருக்கும், கை வலுக் குறைந்தவருக்கும், பின்னுதைப்பு மிகக் குறைவான .22 தான் உண்மையில் சுடக்கூடிய ஆயுதம். அஞ்சிக்கொண்டே சுடும் .32 குறி தவறும், நிதானமாகச் சுடும் .22 குறியில் படும். வாங்குபவரின் கையைப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. ஆரோக்கியமான கையுள்ளவருக்கு என் பரிந்துரை, கனமான, எஃகாலான .32 ரிவால்வர்.

பிஸ்டலைவிட ரிவால்வரை முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா முன்வரும். பிஸ்டலில் அதே நிலை ஏற்பட்டால் குழலின் மேல் நகரும் மேற்சட்டத்தை இழுத்துப் பழுதை நீக்க வேண்டும்; தூக்கக் கலக்கத்தில் இருட்டில் அதைச் செய்வது பழகிய கைக்கே சிரமம். அதைவிட முக்கியமானது, உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதை ரிவால்வரின் உருளையைத் திறந்தால் யாரும் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிவிட்டாலும் குழல் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். “காலி துப்பாக்கி” வெடித்து நேர்ந்த விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன. பழைய ரிவால்வர் வாங்குபவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியலைத் தடுக்கும் உள்பாதுகாப்பு இல்லாத பழைய வகைகளில், கீழே விழுந்தால் சுத்தியல் அடிபட்டு வெடிக்கக்கூடும் என்பதால், சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட வேண்டும்.

.32 என்ற ஒரே எண்ணை நம்பித் தோட்டா வாங்கக் கூடாது. ரிவால்வருக்கானது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங் வகை, பிஸ்டலுக்கானது ஏ.சி.பி. வகை, இரண்டும் வேறு வேறு. ஏ.சி.பி. தோட்டா சில ரிவால்வர்களின் உருளைக்குள் நுழைந்துவிடும். ஆனால் அது உண்டாக்கும் அழுத்தம் அதிகம் என்பதால் பழைய ரிவால்வரைப் பிளந்துவிடும் அபாயம் இருக்கிறது. துப்பாக்கியின் குழலிலும் தோட்டாப் பெட்டியிலும் பொறித்திருக்கும் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது விசையின் இழுவையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். சுத்தியலைத் தூக்காமல் நேரடியாக விசையை இழுத்துச் சுடுவதற்கு ரிவால்வர்களில் பொதுவாக நான்கிலிருந்து ஆறு கிலோ வரை அழுத்தம் தேவைப்படும். உங்கள் ஆட்காட்டி விரலின் முதல் கணு விசையில் வசதியாகப் பொருந்துகிறதா, இழுக்கும்போது குறி நடுங்குகிறதா என்று, காலியென உறுதி செய்து, சுவரை நோக்கி, விற்பனையாளரின் அனுமதியோடு பலமுறை இழுத்துப் பாருங்கள். நடுங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கானதன்று. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். தனியாருக்கான இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலிருந்தே கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள் கைமாறி வரும்போது அவற்றின் தரத்துக்குச் சம்பந்தமில்லாத விலை சொல்லப்படும். பெயருக்காக அந்த விலையைக் கொடுப்பதில் பயனில்லை. பழையதையே வாங்குவதானால், வரிசை எண்ணும் சோதனை முத்திரையும் அழியாமல் இருக்கின்றனவா, குழலுக்குள் துருக்குழிகள் உள்ளனவா, சுத்தியலைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது உருளை ஆடுகிறதா என்று பாருங்கள். எண் சுரண்டப்பட்ட துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், அதுவே தனிக் குற்றம்.

வீட்டின் அமைப்பும் இந்தத் தேர்வில் ஒரு பங்கு வகிக்கிறது என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள், பலகையால் தடுத்த போர்ஷன்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் சாதாரணம். முழுச் செங்கல் சுவர் கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பொதுவாகத் தடுத்துவிடும். ஒட்டுப்பலகைக் கதவும், தடுப்புப் பலகையும், கூரைத் தகடும் தடுக்கமாட்டா. கான்கிரீட்டில் பட்டால் தோட்டா தெறித்துத் திரும்பக்கூடும். ஆகவே வாங்குவதற்கு முன்பே, படுக்கையறையில் நின்று வாசலைப் பார்க்கும்போது அந்த நேர்க்கோட்டின் முடிவில் யார் தூங்குகிறார்கள் என்று கணக்கிட வேண்டும். குழந்தைகளின் பாய் அங்கே இருந்தால், அல்லது கதவுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கட்டில் போட்டிருந்தால், எந்தத் துப்பாக்கியும் அந்த வீட்டுக்கு ஏற்றதாகாது. அந்தப் பணத்தை இரும்புக் கிரில் கதவுக்கும் நல்ல பூட்டுக்கும் செலவிடுவதே மேல்.

எப்போது சுடலாம் என்பதைப் பற்றிப் பரவியிருக்கும் நம்பிக்கைகள் ஆபத்தானவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கூறுகின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைவது, கொள்ளை, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தரும் அத்துமீறல் போன்ற சூழ்நிலைகளில் அந்த உரிமை உயிரைப் பறிக்கும் அளவுக்கு நீளலாம். ஆனால் பாதுகாப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கு செய்ய 37ஆம் பிரிவு இடம் தருவதில்லை, காவலரை அழைக்க அவகாசம் இருந்தபோது அந்த உரிமையே எழுவதில்லை. மாடிப்படியில் இறங்கி ஓடுபவனின் முதுகில் சுடுவது தற்காப்பாகாது. வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று தோன்றினால், குடும்பத்தினரை ஓர் அறைக்குள் சேர்த்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு 112க்கு அழைப்பதே முதல் வேலை.

வைக்குமிடத்தை வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும். சுவரில் பொருத்திய எஃகுப் பெட்டி, எண் பூட்டு, தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. பீரோவின் துணி அடுக்கு, தலையணைக்கு அடியில், சாமி அலமாரியின் பின்புறம் ஆகிய மூன்றையும் திருடரைக் காட்டிலும் முன்பே வீட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உரிமம் பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டுமே உரியது என்பதால், விசைப்படகில் பல நாள் ஆழ்கடலுக்குப் போகும் ஒருவர் திறவுகோலை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அத்தகையவர் புறப்படும்போதெல்லாம் உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது பெற வேண்டியிருக்கும். வீட்டில் ஆள் இல்லாதபோதுதான் பாதுகாப்பு தேவை என்றால், துப்பாக்கி அவருக்குச் சரியான விடையே அல்ல. தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு காவல்துறை கேட்கும்போது ஒப்படைப்பதும் இதே வகைக் கடமை.

கடலோரப் பகுதிகளுக்கே உரிய தொல்லை துரு. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உப்புக்காற்று சாதாரண எஃகைச் சில வாரங்களில் அரித்துவிடும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதைப் பதப்படுத்திய வேதிப்பொருள்கள் பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏற்றும். ஆகவே தோல் உறை எடுத்துச் செல்ல மட்டுமே, வைத்திருக்க அன்று. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மாதம் ஒருமுறை துடைத்து, துப்பாக்கிக்கான எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது குளிர்ந்தால் உறைந்துவிடும், நாளடைவில் கெட்டும் போகும். குழலுக்குள்ளும் தோட்டா அறைகளிலும் தேங்கும் எண்ணெயைச் சுடும் முன் துடைத்துவிட வேண்டும். தோட்டாவுக்குள் எண்ணெய் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம்.

உரிமத்தின் ஆயுள் 5 ஆண்டு. எத்தனை தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அதற்குள் பயிற்சிக்கும் கையிருப்புக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். சென்னை ரைஃபிள் கிளப் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் மட்டுமே சுட்டுப் பழகுங்கள். புத்தாண்டுக்கோ திருமணத்துக்கோ வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயிற்சிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் பழைய தோட்டாக்களை எடுத்துச் சென்று சுட்டுத் தீர்த்துவிட்டு, புதியவற்றை, பெட்டியின் மேல் வாங்கிய தேதியை எழுதி, அலமாரியில் வையுங்கள்.